அப்பாவின் குத்துச்சண்டைக் காலத்தைக் கணக்கெடுப்பது எப்படி

அப்பாவின் பதக்கங்களையும் போட்டிப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு, "இந்த ஆட்டம்தான் அவர் நினைவைக் கெடுத்ததா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் போட்டிப் புத்தகத்தை மூடி வையுங்கள். தலை வாங்கிய அடியில் பெரும்பகுதி அதில் இருக்காது, ஸ்பாரிங்கில், அதாவது ஜிம்மில் இன்னொருவரோடு மோதிப் பழகும் பயிற்சியில்தான் இருக்கும்.

ஒரு அமெச்சூர் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். மூன்று நிமிடம் வீதம் 3 ரவுண்ட் என்றால் ஒரு போட்டிக்கு 9 நிமிடம். 40 போட்டி ஆடியிருந்தாலும் மொத்தம் 6 மணி நேரம். அவரே வாரம் இரண்டு நாள், நாளுக்கு 4 ரவுண்ட் ஸ்பாரிங் செய்திருந்தால் வாரத்துக்கு 24 நிமிடம். வருடத்தில் 40 வாரம் என்று வைத்தால் 16 மணி நேரம். பத்து வருடத்தில் 160. வெற்றி தோல்விக் கணக்கில் இதில் ஒரு நிமிடமும் ஏறாது.

அதனால் அவரோடு பயிற்சி எடுத்தவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதிவையுங்கள். எந்த வயதில் ஸ்பாரிங் தொடங்கினார், வாரம் எத்தனை நாள், தன்னைவிட எடை கூடியவர்களோடு மோதவிட்டார்களா, எத்தனை அவுன்ஸ் கிளவ்ஸ், தலை கிறுகிறுத்த பிறகும் மறுநாள் ரிங்கில் ஏறினாரா. ஆள் பற்றாக்குறையான ஜிம்களில் சின்ன எடைக்காரரைப் பெரியவர்களுக்கு 'வேலை கொடுக்க', அதாவது அவர்கள் பயிற்சிக்கு எதிராளியாக, நிறுத்துவது சகஜமாக நடந்திருக்கிறது. அதை மட்டும் அழுத்திக் கேளுங்கள்.

கிளவ்ஸ் தலையைக் காப்பாற்றுகிறது என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறார்கள். அது காப்பது அடிக்கிறவர் கையை. வெறுங்கையால் மண்டையில் குத்தினால் சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு உடையும். பேண்டேஜ் சுற்றி கிளவ்ஸ் போட்டால் அதே மண்டையில் திரும்பத் திரும்பக் குத்தலாம். ஸ்பாரிங்குக்கு 14 அல்லது 16 அவுன்ஸ்தான் வேண்டும். அதிலும் உள்பஞ்சு செத்துப்போன கிளவ்ஸ் ஆபத்து. விரல்முட்டி இருக்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே கெட்டியாகத் தட்டுப்பட்டால் அதை ஸ்பாரிங்குக்கு எடுக்கக் கூடாது.

ஹெட்கார்டும் (தலைக்கவசம்) அப்படித்தான். புருவக் கிழிசல், வீக்கம் குறையும். தாடையில் விழும் ஹூக் (பக்கவாட்டில் வளைத்து விடும் குத்து) தலையைத் திருகிவிடும்போது மண்டையோட்டுக்குள் மூளை சற்றுப் பிந்திச் சுழன்று, அதன் நரம்பிழைகள் இழுபடுகின்றன. தோல் உறை அதைத் தடுக்காது. 2013-இல் முன்னணி ஆண்கள் அமெச்சூர் போட்டிகளில் ஹெட்கார்டை எடுத்துவிட்டார்கள், 2016 ரியோ ஒலிம்பிக்கிலும் ஆண்கள் அது இல்லாமல்தான் ஆடினார்கள். அந்த முடிவு சரியா என்ற வாதம் ஓயவில்லை. பயிற்சியில் கிழிசல் வேண்டாம் என்பதற்காகப் போடலாம். அதைப் போட்ட தைரியத்தில் கூடுதலாக அடி வாங்குவதுதான் தவறு.

* * *

மேலே சொன்னது வருடக்கணக்கில் சேரும் சேதம். அன்றைக்கே உயிரை எடுப்பது வேறு: மூளைக்கும் அதன் மேலுறைக்கும் நடுவே உள்ள மெல்லிய சிரைகள் அறுந்து ரத்தம் தேங்குவது. இதில் ஏமாற்றுவது இடைவெளிதான். ஆள் எழுந்து நடப்பார், பேசுவார், உடை மாற்றுவார், பிறகு சரிவார். ஏறிக்கொண்டே போகும் தலைவலி, வாந்தி, எழுப்பினாலும் சொக்கும் தூக்கம், ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது, ஒரு பக்கக் கை தளர்வது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சிடி ஸ்கேனும் நரம்பு அறுவை மருத்துவரும் இருக்கிற மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். பக்கத்து கிளினிக்கில் ஊசி போட்டு அரை மணி நேரத்தை இழக்காதீர்கள். வலிக்கு ஆஸ்பிரின், இபுபுரோஃபென் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். வீட்டுக்கு அனுப்பப்பட்டவரை முதல் 24 மணி நேரம் தனியே விடக் கூடாது.

1991-இல் லண்டனில் நடந்த போட்டியில் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வீரர் மைக்கேல் வாட்சன் சரிந்தபோது ரிங் ஓரத்தில் உயிர்காப்பு வசதி உடனே கிடைக்கவில்லை. அவர் பிழைத்தார், ஆனால் பழைய உடம்பு திரும்பவில்லை. அவர் தொடுத்த வழக்கில் பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியத்தின் பொறுப்பை நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்கு முன் 1982-இல் தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ 14-ஆம் ரவுண்டில் விழுந்து சில நாளில் இறந்த பிறகு, 15 ரவுண்ட் பட்டப் போட்டிகள் 12 ஆகக் குறைந்தன. இன்றைய விதிகள் பல இப்படி ஒரு குடும்பத்தின் இழப்பிலிருந்து வந்தவை.

தலையில் நாக்கவுட் ஆனவருக்கு வழக்கமாகக் குறைந்தது 30 நாள் தடை. அந்தத் தடை ஸ்பாரிங்குக்கும் சேர்த்துத்தான். "போட்டி இல்லையே, லேசாக ஆடலாம்" என்று கோச் சொன்னால் மறுத்துவிடுங்கள். முதல் அடி ஆறுவதற்குள் விழும் இரண்டாவது அடி, சின்னதாக இருந்தாலும், மூளையை வீங்க வைக்கக்கூடும்.

* * *

மறதி பற்றிய கேள்விக்கு. தொடர் அடியால் வரும் மூளைத் தேய்வை உயிரோடு இருப்பவரிடம் உறுதியாகச் சொல்ல வழியில்லை, இறந்தபின் மூளைத் திசுவைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் "எல்லாம் அந்த ஆட்டத்தால்தான்" என்று ஆரம்பத்திலேயே முத்திரை குத்த விடாதீர்கள். மனச்சோர்வு, தூக்கக் கோளாறு, பி12 குறைவு, தைராய்டு, காது மந்தம், மெதுவாகத் தேங்கிய ரத்தக்கட்டு, எல்லாமே மறதியாக வெளிப்படும். இவற்றுக்கு மருத்துவம் உண்டு. பழைய ஆட்டக்காரர் என்ற ஒரே காரணத்தால் இந்தப் பரிசோதனைகள் விட்டுப்போவது உண்மையிலேயே கொடுமை.

மருத்துவரிடம் போகும்போது அந்த ஸ்பாரிங் கணக்கைக் கொண்டுபோங்கள். அப்பா பேசிய பழைய ஒலிநாடா, கல்யாண வீடியோ ஏதாவது இருந்தால் அதையும். பேச்சு எந்த வருடம் குழறத் தொடங்கியது, நடை எப்போது தடுமாறியது, கோபம் முன்பே இருந்ததா என்று வீட்டுக்காரர்கள் ஞாபகத்திலிருந்து சொல்வதைவிடப் பதிவு சரியாகச் சொல்லும்.

பேரன் ரிங்கில் ஏறக் கேட்கிறான் என்றும் எழுதியிருந்தீர்கள். பேக் (தொங்கும் மூட்டையில் குத்துவது), பேட் (கோச் கையில் பிடிக்கும் மெத்தையில் குத்துவது), கால் வேலை, உடலில் மட்டும் குத்தும் ஸ்பாரிங், இவற்றிலேயே ஆட்டத்தின் பாதிக்கு மேல் கற்கலாம். சேர்க்கும் முன் கோச்சிடம், பையன் கலங்கினால் ரவுண்டை நிறுத்துவது யார், கடைசியாக அப்படி நிறுத்தியது எப்போது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு ஜிம் பாருங்கள்.