பாறைமேடு ஏரியா குரூப்: அந்த கம்பி மூடி

டெய்லர் அண்ணன்: எல்லாரும் போன் பண்ணி கேக்கறீங்க, பையன் நல்லாருக்கான். தாடைல நாலு தையல், முழங்கைல தோல் உரிஞ்சிருக்கு. ஸ்கூல் விட்டு இறக்கத்துல வந்திருக்கான், பேக்கரி வளைவுல எதிர்ல கோத்தகிரி பஸ் வருதுனு ஓரம் ஒதுங்க, முன் வீல் அப்படியே சாக்கடை கம்பி மூடிக்குள்ள எறங்கிருச்சு. ப்ளஸ் ஒன்ல கவர்மெண்ட் குடுத்த சைக்கிள், ரிம் எட்டாயிருச்சு

பால் அக்கா: ஐயோ சாமி. புள்ளைக்கு பால் குடுத்து விடறேன்

பேக்கரி தம்பி: கம்பி எல்லாம் ரோடு போற வாட்டத்துலயே இருக்குண்ணா, குறுக்க இருந்தா டயர் மேலயே உருண்டு போயிரும். டயருக்கு அளவெடுத்து சந்து விட்ட மாதிரி வெல்டிங் பண்ணிருக்காங்க

கீழ்வீட்டு சித்தி: மேட்டுப்பாளையத்துல ஓட்டலாம், நம்ம நீலகிரில சைக்கிள் எதுக்குப்பா. மிஸ்ட் எறங்கிட்டா அந்த வளைவே தெரியாது

டெய்லர் அண்ணன்: பஸ்ஸ விட்டா நடைதான் சித்தி. காலைல ஏத்தத்துல தள்ளிட்டுதான் போறான், சாயங்காலம் மட்டும்தான் மிதிக்காம வருவான்

மேல்வீட்டு அக்கா: போன வருஷம் நகராட்சி நடத்துன பகுதி சபா கூட்டத்துல மூடி மாத்துறோம், ரிப்ளெக்டர் வைக்கறோம், ஓரத்துல வெள்ளக்கோடு போடறோம்னு எழுதிட்டு போனாங்களே, நானும் கையெழுத்து போட்டேன்

டெய்லர் அண்ணன்: இன்னிக்கு போய் கேட்டேன்க்கா. நகராட்சில அது ஹைவேஸ் ரோடுங்கறாங்க, ஹைவேஸ்ல போனா ரோடு எங்களுது சாக்கடை அவங்களுதுங்கறாங்க

பேக்கரி தம்பி: அப்ப முன் வீல் நகராட்சில விழுந்துருக்கு, பின் வீல் ஹைவேஸ்ல நின்னுருக்கு 😂

ரிட்டயர்டு வாத்தியார்: சிரிக்கறத விட்டுட்டு கேளுங்க. வெறும் மனு குடுத்தா பீரோக்குள்ள போயிரும், 2005 தகவல் உரிமை சட்டத்துல போடு. ஏன் மாத்தலனு மட்டும் கேக்காத, ஏன்ங்கறதுக்கு அவங்க பதில் சொல்ல வேண்டியதில்ல, கையில இருக்கற பேப்பரத்தான் குடுப்பாங்க, அதனால அந்த தீர்மான நகல், எஸ்டிமேட், வேலை உத்தரவு, செஞ்ச வேலைய அளந்து எழுதற எம் புக் நகல்னு வரிசையா கேளு, வேலை நடக்கலனா எம் புக்ல ஒண்ணும் இருக்காது, நடந்ததா எழுதிருந்தா அப்புறம் நான் பாத்துக்கறேன். 10 ரூபா கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டு, 30 நாள்ல பதில் வரணும். எங்க ரோடு இல்லனு உன்னைய அலைக்கழிக்க முடியாது, 6(3)னு ஒரு பிரிவு இருக்கு, அவங்களுது இல்லனா அவங்களே 5 நாளுக்குள்ள சம்பந்தப்பட்ட ஆபீஸுக்கு அனுப்பிட்டு உனக்கு லெட்டர் போடணும். எனக்கு அந்த லெட்டர்தான் வேணும், ரோடு யாருதுனு அவங்க வாயாலயே எழுத்துல வந்துரும்

மேல்வீட்டு அக்கா: சார் 2019ல மோட்டார் வாகன சட்டத்துல 198ஏ சேத்தாங்களே, ரோடு தரமில்லனா 1 லட்சம் வரைக்கும் அபராதம்னு?

ரிட்டயர்டு வாத்தியார்: அது சாவு இல்லனா ஊனம் ஆனாத்தான்மா. நாலு தையலுக்கு வராது, வரவும் வேணாம். ஆனா ஒண்ணு சேத்து எழுதலாம், நம்ம கோயமுத்தூர் எலும்பு டாக்டர் ராஜசேகரன் 2012ல போட்ட கேஸ்ல 2025 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டு, நடக்கறவங்களுக்கும் மோட்டார் இல்லாத வண்டிக்கும் ஆறு மாசத்துல விதி போடுங்கனு மாநிலங்களுக்கு சொல்லிருக்கு. சைக்கிளும் மோட்டார் இல்லாத வண்டிதான

கீழ்வீட்டு சித்தி: அதெல்லாம் வர்ற வரைக்கும் அந்த ஓட்டை?

பேக்கரி தம்பி: கடை பலகைய குறுக்க போட்டு கல்லு வச்சுட்டேன் சித்தி. போட்டோ எடுத்துட்டுதான் மூடுனேன்

ரிட்டயர்டு வாத்தியார்: சந்து எவ்ளோனு தெரியற மாதிரி ஸ்கேல் வச்சு எடுத்தியா?

பேக்கரி தம்பி: இல்ல சார்

ரிட்டயர்டு வாத்தியார்: பலகைய எடு, மறுபடி எடு

டெய்லர் அண்ணன்: இருடா தம்பி, இஞ்ச் டேப் எடுத்துட்டு வரேன்