கார்ட்ரிட்ஜ் புரொஜெக்டர் வைத்திருப்பவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்க

ரீல்கிறுக்கன்:
அமெரிக்கா, கனடாவில் இருக்கும் நம்மவர்களில் சிலருக்கு இந்தப் பைத்தியம் உண்டு என்று தெரியும். நானே ஆரம்பிக்கிறேன். என்னிடம் இருப்பது டெக்னிகலர் 800, 1960களின் தொடக்கத்தில் வந்தது. ஓஹாயோவில் ஒரு வீட்டைக் காலி செய்து விற்றபோது, கராஜ் மூலையிலிருந்து ஒரு பெட்டி கார்ட்ரிட்ஜோடு (ஃபிலிம் அடைத்த டப்பா) சேர்த்து எடுத்து வந்தேன். ஃபிலிமைக் கோக்க வேண்டாம், திருப்பிச் சுற்றவும் வேண்டாம். பின்பக்கம் கார்ட்ரிட்ஜைச் செருகி சுவிட்சைப் போட்டால் சுவரில் படம் விழும். 50 அடி வரை 8 எம்.எம். அகல ஃபிலிம், இரு முனையும் ஒட்டி வளையமாக (லூப்) உள்ளே கிடக்கிறது. சுருளின் நடுவிலிருந்து இழுபட்டு, வெளிச்சுற்றில் போய்ச் சேரும். நிறுத்தாவிட்டால் ஓடிக்கொண்டே இருக்கும்.

பெட்டியில் வீட்டுப் படம் எதுவுமில்லை, எல்லாம் பள்ளிக்கூடத்துச் சரக்கு. ஒரு லூப்புக்கு ஒரு பாடம். அதில் ஒன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து டகோமா நேரோஸ் பாலம் இடிந்த காட்சி. பாலம் விழுந்தது 1940இல். 60களில் கென்யன் கல்லூரி இயற்பியல் பேராசிரியர் ஃபிராங்க்ளின் மில்லர் அந்தப் பழைய ஃபிலிமை வகுப்பறைக்கான லூப்பாக ஆக்கினார். சத்தம் கிடையாது. பாலம் முறுக்கிக்கொண்டு ஆடும், நடுவே ஒரு கார் தனியாக நிற்கும், தளம் பிய்ந்து தண்ணீரில் விழும். அடுத்த நொடியே தலைப்பு அட்டை வந்து, பாலம் மறுபடி முழுசாக நிற்கும். என் பையன் இதை நிறுத்தவே விடமாட்டான்.

ஸ்காபரோவாசி:
தம்பி, உங்கட பெட்டி பரவாயில்லை, கார்ட்ரிட்ஜாவது தேடிப் பிடிக்கலாம். என்னட்டக் கிடக்கிறது போலவிஷன், எடுத்த கையோட பாக்கிற வீட்டுப் படப் பெட்டி. 1977இல போலராய்ட் கம்பெனியைத் தொடங்கின எட்வின் லாண்ட் கொண்டு வந்தவர். கமராவில எடுத்த கசெட்டை பிளேயருக்குள்ள விட்டா, ஒண்டரை நிமிசம் மட்டில உள்ளுக்கையே கழுவி, தன்ர திரையிலயே ஓட்டிக் காட்டும். மொத்தம் 2 நிமிசம் 40 செக்கன், சத்தமும் இல்லை. அதுக்குள்ள வீடியோ வந்திட்டுது. 1979இல கைவிட்டிட்டினம், ஏறத்தாழ 6.8 கோடி டொலர் நட்டமாம்.

எனக்குத் தந்தது பக்கத்து வீட்டு அம்மா. பஃபலோவில வேலை செய்த காலத்தில வாங்கினவவாம். கசெட்டுகள் எல்லாம் முந்தியே கழுவினது. போட்டுப் பார்த்தா படம் ஒரே இருட்டு, மின்விளக்கெல்லாம் நூர்த்தாத்தான் முகம் தெரியும். அவவின்ர மகளின்ர பிறந்தநாள், கேக்கை வெட்டமுந்தியே கசெட் முடிஞ்சிட்டுது. "கத்தியைக் கையில எடுத்த உடனே நிண்டிட்டுது, நான் அண்டைக்கே என்ர மனுசனைப் பேசினனான்" எண்டு சிரிச்சவ.

கோவை_சிவா:
ஒரு சந்தேகம் அண்ணா. நெட்டில் "சூப்பர் 8 கார்ட்ரிட்ஜ்" என்று மொத்தமாக ஒரு லாட் ஏலத்துக்கு வந்திருக்கிறது. டெக்னிகலரில் ஓடுமா?

ரீல்கிறுக்கன்:
ஓடாது சிவா, பணத்தை மிச்சம் பண்ணுங்க. அது பெரும்பாலும் கேமராவுக்குள் போடுகிற கார்ட்ரிட்ஜ், கோடாக் 1965இல் கொண்டுவந்தது. எடுத்து முடித்தபின் லேபில் அதைத் திறந்து ஃபிலிமைக் கழுவி ரீலில் சுற்றித் தருவார்கள். புரொஜெக்டருக்கானது வேறு சாதி. அதிலும் 800க்குப் பழைய 8 எம்.எம். லூப் மட்டும்தான். சூப்பர் 8 லூப்புக்கு டெக்னிகலரே தனி மாடல் போட்டது. பல்துளை அளவே வேறு.

வாங்கும் முன் மோந்து பாருங்கள். கார்ட்ரிட்ஜில் படம் தெரியும் ஜன்னல் பக்கம் வினிகர் வாடை வந்தால் ஃபிலிம் போய்விட்டது, மற்றவற்றோடு சேர்த்து வைத்தால் அவையும் கெடும். வாடை இல்லாவிட்டாலும் நம்ப முடியாது. சுற்றுக்குச் சுற்று உரசி ஓடுவதால் இந்த ஃபிலிமில் வழுக்குப் பூச்சு இருக்கும், வயதானால் அது காய்ந்து இறுகிக்கொள்ளும். இறுகியதை அப்படியே ஓட்டினால் நின்ற இடத்தில் பல்பு சூட்டில் ஃபிரேம் பொரிந்துபோகும். மெஷினை எப்படியும் சரிபண்ணலாம், ஆனால் கார்ட்ரிட்ஜுக்குள் என்ன நிலைமை என்று வெளியிலிருந்து தெரியாது. புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் கோடாக் சூப்பர்மாட்டிக்கைத்தான் சொல்வேன். சாதா ரீலையே ஒரு கூட்டுக்குள் போட்டுச் செருகுவது, தானே கோத்து, தானே திருப்பிச் சுற்றும். வேண்டாமென்றால் ரீலை வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

மணிமேகலை_நியூஜெர்சி:
என்னிடம் ஃபிஷர் பிரைஸ் மூவி வியூவர் மட்டும்தான், கார்ட்ரிட்ஜ் செருகிப் பார்க்கிற 1973 பொம்மை. கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக் கைப்பிடியைச் சுற்றினால் போதும். பின்னால் சுற்றினால் படமும் பின்னால் ஓடும். உங்கள் மெஷினெல்லாம் ரிப்பேருக்குப் போகட்டும், இது இன்னும் ஓடுகிறது!

ரீல்கிறுக்கன்:
அக்கா சொன்னால் சரிதான். ஸ்காபரோ அண்ணா, அந்தப் பிளேயரைக் கொடுக்கிற எண்ணம் வந்தால் முதலில் எனக்குச் சொல்லுங்கள்.

ஸ்காபரோவாசி:
தம்பி, அந்த அம்மா மாதத்தில ஒருக்கா வந்து பாக்கிறவ. அவவைக் கேட்டுப் போட்டுச் சொல்லுறன்.