செட்டிநாட்டு வீடு விலைக்கு வருகிறது: முன்பணம் கொடுக்குமுன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: கோவை வாசகி

வணக்கம். கானாடுகாத்தானை ஒட்டிய ஊர் ஒன்றில், முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் திறக்கிற மூன்று கட்டு வீடு விற்பனைக்கு வந்திருப்பதாகத் தரகர் ஒருவர் சொன்னதன் பேரில், நானும் என் கணவரும் நேரில் போய்ப் பார்த்தோம். முகப்பில் சுதை வேலைப்பாட்டுடன் கஜலட்சுமி, வளவு எனும் உள்முற்றத்தைச் சுற்றிப் பர்மா தேக்குத் தூண்கள், பட்டாலை எனும் கூடத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, மாடியில் நிறக் கண்ணாடி பதித்த சன்னல்கள் என்று முன்பகுதி முழுவதும் பழுதில்லாமல் இருக்கிறது. மூன்றாம் கட்டில் மட்டும் ஓடு சரிந்து, அடுப்படியின் ஒரு மூலையில் வானம் தெரிகிறது.

பணி ஓய்வுக்குப் பிறகு அங்கேயே குடியிருந்துகொண்டு, மாடி அறைகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாம் என்பது எங்கள் எண்ணம். பங்குதாரர்கள் பலர் என்றாலும், இருவர் நேரில் வந்து கையெழுத்திடுவார்கள், மற்றவர்களின் அதிகாரப் பத்திரம் கையில் இருக்கிறது, இந்த மாதமே முன்பணம் கொடுத்தால் விலையைக் குறைத்துப் பேசலாம் என்று தரகர் அவசரப்படுத்துகிறார். இத்தகைய வீட்டை வாங்கியவர்களோ விற்றவர்களோ இங்கு இருந்தால், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள்.

பதில் 1: காரைக்குடி அன்பர்

அம்மா, எங்கள் பாட்டையா கட்டிய வீட்டில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் விற்பவர் பக்கத்து நிலையைச் சொல்கிறேன். செட்டிநாட்டு வீடுகளில் திருமணமான ஒவ்வோர் ஆண்மகனும் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு தனிக் குடும்பம். வளவைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். முகப்பு, பட்டாலை, முற்றம் ஆகியவை எல்லாருக்கும் பொது. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுக்கல் வாங்கல் செழித்திருந்த காலத்தில் எழும்பிய வீடுகள் இவை. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அந்த வருமானம் அறுந்தது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் போனார்கள், ஆனால் பங்கு மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை பிரிந்துகொண்டே வந்தது. இன்று ஒரே வீட்டுக்கு நாற்பது ஐம்பது பேர் உரிமையாளர்களாக இருந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் வியப்படைய மாட்டார்கள்.

ஆகவே, நீங்கள் பார்த்தபோது எத்தனை அறைகள் பூட்டியிருந்தன, அவற்றின் சாவிகள் யாரிடம் இருக்கின்றன என்று கேளுங்கள். பூட்டிய அறைக்குள் யாரோ ஓர் ஆச்சியின் சீர்ச் சாமான்கள், பித்தளைக் குடங்களும் எனாமல் அடுக்குகளும், இன்னும் இருக்கலாம். முன்னோருக்குப் படைப்பு அந்த வீட்டில் நடந்து வருகிறதா என்றும் விசாரியுங்கள். படைப்பு நடக்கும் வீட்டை விற்க, பணத்தேவை இல்லாத பங்காளி எளிதில் இசைய மாட்டார்; கடைசி நேரத்தில் பேச்சு முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பதில் 2: வழக்கறிஞர், மதுரை

முந்தைய பதிலின் சட்டப் பக்கத்தை மட்டும் விரித்துச் சொல்கிறேன். பங்குதாரர்களில் சிலர் மட்டும் எழுதிக்கொடுக்கும் கிரயம் அவர்களுடைய பங்கின் அளவுக்குச் செல்லும். அதைக்கொண்டு நீங்கள் குடிபுக முடியுமா என்பது வேறு கேள்வி. பிரிவினையாகாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியார், மற்றவர்களோடு கூட்டாக அனுபவிக்கும் உரிமையைக் கோர முடியாது என்று 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொல்கிறது. பிரித்துக் கொடுங்கள் என்று நீங்கள் வழக்குத் தொடுத்தால், 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்கீழ், குடும்பத்துப் பங்குதாரர் உங்கள் பங்கை நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தாமே எடுத்துக்கொள்ள முன்வரலாம். அதாவது, பணமும் போட்டு, பல ஆண்டுகள் வழக்கும் நடத்தி, இறுதியில் வீடு கைக்கு வராமலே போகலாம்.

எனவே, வீட்டைக் கட்டியவரிடமிருந்து தொடங்கும் வாரிசுப் பட்டியல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அதில் பெண்மக்கள் விடுபட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கும், நாடு முழுவதற்குமான 2005ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கும் பிறகு, அவர்களை விட்டுவிட்டு எழுதப்படும் பத்திரம் எந்த நேரத்திலும் கேள்விக்குள்ளாகலாம். பிள்ளை கூட்டிக்கொண்ட கிளைகள் இருந்தால் சுவீகாரப் பத்திரத்தையும் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றிதழை மட்டும் நம்பிவிடாதீர்கள். பங்காளிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு (பாகம் பிரித்த பத்திரம்) பதிவாகாமல் இருந்தால் அது அதில் தெரியாது. நிலுவையிலுள்ள பாகப்பிரிவினை வழக்கும் தெரியாமல் போகலாம். ஆனால் வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும் என்பதால், அந்தப் பகுதி நீதிமன்றங்களில் தேடிப் பார்ப்பது நல்லது.

அதிகாரப் பத்திரம் என்று தரகர் சொல்வது எனக்குக் கவலை தருகிறது. வெளிநாட்டில் எழுதப்பட்ட பத்திரமானால், அது இந்தியாவுக்கு வந்துசேர்ந்த 3 மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். கொடுத்தவர் இறந்துவிட்டால், சாதாரணமாக அந்த அதிகாரமும் அவரோடு முடிந்துவிடும்; பங்குதாரர்களில் முதியவர்கள் அதிகமாக உள்ள இத்தகைய வீடுகளில் இது வெறும் ஏட்டளவிலான அச்சம் அன்று. முன்பணத்தைக் கொடுத்த பிறகு இவற்றைச் சரிபார்த்துக்கொள்ளலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

பதில் 3: கட்டடப் பொறியாளர், திருச்சி

உரிமை தெளிவானால் அடுத்து நீங்கள் பார்க்க வேண்டியது கூரை. தூண்களை ரசிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். நாட்டு ஓடுகளைப் பல அடுக்காக வேய்ந்த கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்து, உடைந்ததை நீக்கி, மறுபடி அடுக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆட்கள் குறைந்து வருவதால், கூலியைவிட ஆள் கிடைப்பதே சிரமம். மூன்றாம் கட்டில் ஓடு சரிந்து எத்தனை மழைக்காலம் ஆயிற்று என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். தேக்கு எளிதில் கெடாது என்பது உண்மைதான். ஆனால் உத்திரத்தின் முனை சுவருக்குள் புகும் இடத்தில் ஈரம் தங்கினால் அதுவும் உளுக்கும். ஒரு திருப்புளியை எடுத்துப் போய் அந்த முனைகளில் குத்திப் பாருங்கள். நல்ல மரத்தில் முனை ஏறாது. உளுத்த இடத்தில் தடையின்றி உள்ளே இறங்கிவிடும்.

சுவர்ப் பூச்சைப் பற்றியும் ஒரு சொல். சுண்ணாம்பைப் பல பூச்சுகளாக ஏற்றி, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. விரிசலை அடைக்கிறேன் என்று யாராவது சிமென்ட் பூசியிருந்தால், ஈரம் வெளியேற வழியில்லாமல், அந்தத் திட்டைச் சுற்றியுள்ள பழைய பூச்சு உப்பி உதிரத் தொடங்கியிருக்கும். அப்படிப்பட்ட திட்டுகளை எண்ணிப் பார்த்தாலே பராமரிப்பு எந்த நிலையில் இருந்தது என்பது தெரிந்துவிடும். ஆத்தங்குடிக் கல்லை ஆசிட் ஊற்றிக் கழுவியிருந்தால் அதன் நிறமும் மெருகும் போயிருக்கும்.

கேட்டவர்: கோவை வாசகி

மூவருக்கும் நன்றி. வாரிசுப் பட்டியலைத் தரகரிடம் எழுத்து மூலமாகக் கேட்டிருக்கிறேன். செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோ பட்டியலில் இருப்பதால் விலை ஏறிக்கொண்டே போகும் என்கிறார். விலையை எப்படி மதிப்பிடுவது என்று யாராவது சொல்ல முடியுமா?

பதில் 4: தேவகோட்டை அன்பர்

இந்தியா 2014இல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலுக்குத்தான் செட்டிநாட்டு ஊர்களின் பெயரைக் கொடுத்தது. அது ஒரு பரிந்துரை நிலை. அதனால் எந்த வீட்டுக்கும் சட்டப் பாதுகாப்பு வந்துவிடவில்லை. அதற்குப் பிறகும் வீடுகள் இடிபடுகின்றன.

உண்மையில் உங்களோடு விலைக்குப் போட்டியிடுபவர் உடைத்து விற்பவர். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் ஒருமுறை நடந்து பாருங்கள்; தூண், நிலை, கதவு, கண்ணாடி என்று வீடுகள் துண்டு துண்டாக நிற்கும். மரத்துக்கும் கல்லுக்கும் மனைக்கும் சேர்த்து அவர் தருவதாகச் சொல்லும் தொகையே விற்பவர் மனத்தில் அடிவிலையாக இருக்கும். முழு வீடாக வாங்க வருபவர்கள் குறைவு என்பதால், அந்தத் தொகையை அறிந்துகொண்டு, சிதைந்த கட்டின் செலவைக் கழித்துப் பேசத் தயங்க வேண்டாம். பதிவின்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் தனியாகச் சேரும்.

வாடகை வருமானத்தைப் பெரிதாக நம்பாதீர்கள் என்பது என் கருத்து. கானாடுகாத்தானில் விசாலம், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ் போன்றவை முழு விடுதிகளாகவே நடக்கின்றன. மாடியில் ஓரிரு அறைகளை விட்டு ஓடு மாற்றும் செலவை ஈட்டுவது கடினம்.

கிரய ஒப்பந்தம் எழுதும்போது, கதவு, நிலை, தூண், நிறக் கண்ணாடி, சன்னல் கம்பி, தொங்கும் விளக்கு ஆகிய ஒவ்வொன்றையும் அறைவாரியாகப் பட்டியலிட்டு, படம் எடுத்து, ஒப்பந்தத்தோடு இணைத்து இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தத்துக்கும் பதிவுக்கும் இடைப்பட்ட மாதங்களில் உள்கட்டுக் கதவுகள் கழன்று போன வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அது எங்கள் பாட்டனார் காலத்துச் சாமான், வீட்டோடு சேர்ந்ததன்று என்று ஒரு பங்காளி சொன்னபோது, வாங்கியவரிடம் காட்டுவதற்கு எந்தத் தாளும் இல்லை.