ஓ-எச் என்று கத்தினால் ஐ-ஓ என்று சொல்லுங்கள்

கேள்வி:

அக்கா, அண்ணன்களே, வணக்கம். ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் கொலம்பஸுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. வீடு, சோஷியல் செக்யூரிட்டி எண், லைசென்ஸ் எல்லாம் ஓரளவு முடிந்துவிட்டது. இப்போது வேறு சிக்கல். டீம் லஞ்சில் எல்லாரும் காலேஜ் ஃபுட்பால் (பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்) பற்றியே பேசுகிறார்கள். ஊமை மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டாமே என்று முந்தின ராத்திரி கொஞ்சம் படித்துவிட்டுப் போனேன். "வரலாற்றிலேயே அதிக வெற்றி மிச்சிகனுக்குத்தானே?" என்றேன். மேசையே அமைதியாகிவிட்டது. ஒருவர் கையில் இருந்த சாண்ட்விச்சைத் தட்டில் வைத்துவிட்டார். நான் சொன்னது தப்பா? உண்மையில் யார்தான் பெரிய டீம்? இதையெல்லாம் தெரிந்துகொண்டே ஆக வேண்டுமா?

பதில்:

தம்பி, நீங்கள் சொன்னது சரி. சொன்ன ஊர்தான் தப்பு.

பக்கத்து மாநிலமான மிச்சிகனின் பல்கலைக்கழக அணி 2023 நவம்பர் 18 அன்று மேரிலாண்டை 31-24 என்று வென்று ஆயிரமாவது வெற்றியைத் தொட்டது. கல்லூரி ஃபுட்பாலில் அந்த எண்ணை முதலில் எட்டிய அணி அதுதான். ஆனால் கொலம்பஸில் அந்தப் பெயரைக்கூட வாயால் சொல்லாதவர்கள் உண்டு. "வடக்கே இருக்கிற அந்த டீம்" என்பார்கள். நவம்பர் கடைசி வாரம் இந்த ஊர்ப் பல்கலைக்கழகமான ஒஹையோ ஸ்டேட்டின் வளாகத்தில் நடந்து பாருங்கள். பெயர்ப் பலகைகளில் 'எம்' எழுத்து வருகிற இடமெல்லாம் சிவப்பு டேப்பால் பெருக்கல் குறி போட்டிருக்கும். பகை இந்த விளையாட்டைவிடப் பழையது. 1835-ல் டொலீடோ ஊர் எந்தப் பக்கம் என்று இரண்டு தரப்பும் ஆயுதத்தோடு எல்லையில் நின்றன. டொலீடோ ஒஹையோவுக்கு வந்தது. மிச்சிகனுக்கு வடக்கே ஒரு பெரிய தீபகற்பத்தைக் கொடுத்து சமாதானப்படுத்தினார்கள். 1897-ல் முதல் ஆட்டம், மிச்சிகன் 34-0. அந்த 34-ஐ இங்கே யாரும் இன்னும் மறக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

நான் இங்கே வந்து பதினாலு வருஷம். ஆட்ட விதிகள் எல்லாம் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நாலு வாய்ப்புக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும், அவ்வளவு தெரிந்தால் போதும், மீதி பார்க்கப் பார்க்க வந்துவிடும். எந்த ஊர்க்காரர் எந்த வருஷத்தைச் சொன்னால் முகம் மாறும் என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் "யார் பெரிய டீம்" என்ற உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

சாம்பியன் பட்டங்களை எண்ணினால் முதலிடம் எல்லாரும் சொல்லும் அலபாமாவும் இல்லை, நோட்டர் டேமும் இல்லை. பிரின்ஸ்டன் 28, யேல் 27 என்று சொல்லிக்கொள்கின்றன! முதல் ஆட்டமே 1869-ல் ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடந்தது, ரட்கர்ஸ் 6-4. அந்தக் காலத்தில் ஆடியதே கிழக்குப் பக்கம் ஒரு சில கல்லூரிகள். அவற்றுக்குள்தான் பட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. அதிலும் பல, பிற்காலத்தில் யாரோ உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தவை. யேலின் கடைசிப் பட்டம் 1927. இன்றைக்கு அந்தப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தருவதில்லை.

இன்னொரு வேடிக்கை. இந்த மேல் பிரிவில் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ சாம்பியன் பட்டமே கொடுப்பதில்லை. மற்ற எல்லா விளையாட்டுக்கும் கொடுக்கிறது, இதற்கு மட்டும் இல்லை. அதனால் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பட்டங்களைத் தானே எண்ணிக்கொள்கிறது. அலபாமா 18 என்கிறது. அதில் 1941-ம் ஒன்று. அந்த வருஷம் இரண்டு ஆட்டம் தோற்று, அசோசியேட்டட் பிரஸ் (ஏபி) தரவரிசையில் 20-வது இடத்தில் முடித்த அணி அது! ஏதோ ஒரு கணக்கு முறையில் முதலிடம் வந்ததாம், அதைப் பிடித்துக்கொண்டார்கள். இதை அலபாமாக்காரரிடம் சொல்லாதீர்கள், தனியாகச் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஏபி தரவரிசை 1936-ல் ஆரம்பித்தது. பத்திரிகைக்காரர்கள் ஓட்டுப் போட்டு வரிசைப்படுத்துவது. முதல் சாம்பியன் மினசோட்டா. ரொம்ப காலம், சீசன் முடிந்ததும் ஜனவரியில் நடக்கும் பவுல் ஆட்டங்களுக்கு முன்னாலேயே கடைசி ஓட்டை எடுத்துவிடுவார்கள். பரீட்சைக்கு முன்னால் ரேங்க் கார்டு கொடுத்த மாதிரி. 1960-ல் மினசோட்டா, 1964-ல் அலபாமா, இரண்டுமே நம்பர் ஒன் என்று பெயர் வாங்கிவிட்டு அப்புறம் பவுல் ஆட்டத்தில் தோற்றன. பட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. 1968-லிருந்துதான் பவுலுக்குப் பிறகு ஓட்டு என்று நிலையானது. முன்னணி நாலு அணிகள் தங்களுக்குள் மோதிப் பட்டத்தை முடிவுசெய்யும் பிளேஆஃப் 2014-ல் வந்தது. 2024-ல் அதை 12 அணியாக்கினார்கள்.

சரி, உங்களுக்கு வேண்டியது இதுதான். 2016-ல் ஏபி தன் எண்பது வருஷத் தரவரிசைகளையும் கூட்டி, எல்லாக் காலத்துக்குமான ஒரு பட்டியல் போட்டது. வரிசையில் ஒரு வாரம் இடம்பெற்றால் 1 புள்ளி, முதலிடம் என்றால் 2, பட்டம் என்றால் 10. அதில் ஒஹையோ ஸ்டேட் முதலிடம். அடுத்து ஒக்லஹோமா, நோட்டர் டேம், அலபாமா, யூஎஸ்சி (தெற்கு கலிஃபோர்னியா). அன்றைக்கு லஞ்சில் இதைச் சொல்லியிருந்தால் உங்கள் காசையும் அவர்களே கொடுத்திருப்பார்கள்.

ஆனால் அந்தக் கணக்கிலும் ஒரு சாய்வு இருக்கிறது. தினமும் தவறாமல் வகுப்புக்கு வருகிற பையனுக்கு மார்க் போடுகிற கணக்கு அது. பட்டத்துக்குப் பத்துப் புள்ளி போதுமா என்று அலபாமாக்காரர் சண்டைக்கு வருவார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

என்னைக் கேட்டால், கோச் போன பிறகு என்ன ஆகிறது என்று பார்ப்பேன். அலபாமாவில் பேர் பிரையன்ட் என்ற கோச் 1961-க்கும் 1979-க்கும் நடுவில் ஆறு பட்டம் வாங்கினார். நிக் சேபன் 2009-க்கும் 2020-க்கும் நடுவில் ஆறு. இந்த இரண்டு பேருக்கும் இடைப்பட்ட காலத்தில் 1992-ல் ஒன்றே ஒன்று. ஒக்லஹோமா 1953-லிருந்து 1957 வரை தொடர்ந்து 47 ஆட்டம் ஜெயித்தது. அதை 7-0 என்று நிறுத்தியது நோட்டர் டேம். அந்த நோட்டர் டேமின் கடைசிப் பட்டம் 1988. இங்கே ஒஹையோ ஸ்டேட்டைப் பாருங்கள்: 2002-ல் டிரெஸல், 2014-ல் மேயர், 2024-ல் டே. மூன்று கோச், ஆளுக்கு ஒரு பட்டம். 1988-க்குப் பிறகு ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம் என்ற சீசன் 2011 மட்டும்தான், அதுவும் 6-7. ஜனத்தொகை அதிகமான மாநிலம், ஊருக்கு ஊர் ஹைஸ்கூல் ஃபுட்பால் பைத்தியம், இந்த அளவுக்குப் பெரிய அணி மாநிலத்திலேயே இது ஒன்றுதான். 1922-ல் கட்டிய லாட வடிவ அரங்கில் இன்றைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் உட்காரலாம். யார் கோச்சாக வந்தாலும் பையன்கள் இங்கே வருவார்கள். நான் இந்த ஊர்க்காரியாகிவிட்டதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை.

இத்தனை பெருமையும் ஒரு கையெழுத்தில் போய்விடலாம் என்பதற்கு சிகாகோ பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரு காலத்தில் மிச்சிகனுக்கு ஈடான அணி. சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹைஸ்மன் விருதை 1935-ல் முதன்முதலாக வாங்கியவர் அங்கே படித்தவர்தான். 1939-ல் தலைவர் ஹட்சின்ஸ், படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஃபுட்பாலையே மூடிவிட்டார். காலியாகக் கிடந்த அந்த அரங்கத்தின் படிக்கட்டுகளுக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2 அன்று உலகின் முதல் அணுக்கருத் தொடர்வினையை நடத்தினார்கள். நம்ம சுப்பிரமணியன் சந்திரசேகர் அந்தப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது 1937. அவர் ஃபுட்பால் பார்த்தாரா என்று கேட்காதீர்கள்.

இனி வாழ்க்கைக்கு வருவோம். வீட்டில் எந்த விசேஷம் வைத்தாலும் முகூர்த்தம் பார்க்கும் முன்னால் ஆட்ட அட்டவணையைப் பாருங்கள். என் மகளின் ஆண்டுநிறைவை 2016 நவம்பர் 26 சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு வைத்தேன். நாற்பது பேருக்குச் சாப்பாடு. தமிழ்க் குடும்பங்கள் வந்துவிட்டன; பக்கத்து வீடுகள், ஆபீஸ் ஆட்கள் ஒருவரும் இல்லை. ஒரே ஒருவர் வந்தார், வந்தவர் சமையலறை மூலையில் போனை சர்க்கரை டப்பா மேல் சாய்த்து வைத்துக்கொண்டு அசையவே இல்லை. அன்றைக்கு மிச்சிகனோடு ஆட்டம், இரண்டு ஓவர்டைம். கடைசியில் ஓர் அங்குலம் முன்னே பின்னே என்று வீடியோவில் திரும்பப் பார்த்து, 30-27 என்று முடிந்தபோது தெருவே கத்தியது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக, கண்ணெல்லாம் சிவந்து, பரிசுப் பொட்டலத்தோடு வந்தார்கள். சாம்பாரை மூன்றாம் முறை சூடு பண்ணினேன். தூங்கிவிட்ட குழந்தையை எழுப்பி மறுபடி கேக் வெட்டினோம்.

வீடு அரங்கத்துக்கு நடக்கிற தூரத்தில் என்றால், வருஷத்துக்கு ஏழெட்டு சனிக்கிழமை காரை வெளியே எடுக்க முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் புல்வெளியில் கார் நிறுத்தவிட்டுக் காசு வாங்குவார். அரங்கத்துக்குள் போக, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பை மட்டும்தான். குழந்தைகளின் டயபர் பையோடு போய்த் திரும்பி வந்தவள் நான். முதல் தடவை மிச்சிகன் ஆட்டத்துக்குப் போகாதீர்கள், டிக்கெட் விலையும் தாங்காது. செப்டம்பரில் சின்னக் கல்லூரியோடு ஆடும் ஆட்டம், இல்லையென்றால் ஏப்ரலில் நடக்கும் வசந்த காலப் பயிற்சி ஆட்டம் போதும். ஆட்ட நேரம் அறுபது நிமிஷம்தான், ஆனால் முடிய மூன்றரை மணி நேரம் ஆகும். பேண்டுக்காரர்கள் ஊதிக்கொண்டே நடந்து 'ஒஹையோ' என்று கூட்டெழுத்தில் எழுதுவதை மட்டும் தவறவிடாதீர்கள். 1936-லிருந்து எழுதுகிறார்கள். சூசஃபோன் என்ற பெரிய ஊதுகருவியைத் தூக்கிய ஒருவர் தனியாகக் குதித்துப் போய் 'ஐ' எழுத்துக்குப் புள்ளி வைப்பார்.

அப்புறம், யாராவது "ஓ... எச்!" என்று கத்தினால் நீங்கள் "ஐ... ஓ!" என்று திருப்பிக் கத்த வேண்டும், நாலு எழுத்தும் சேர்ந்தால் ஒஹையோ. ஏர்போர்ட்டிலும் நடக்கும், மளிகைக் கடையிலும் நடக்கும். அம்மா முதல் முறை வந்திருந்தபோது கடை வரிசையில் இது நடந்தது. "ஏண்டி, யாருக்கு என்ன ஆச்சு, எல்லாரும் ஐயோங்கறாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இன்னொரு பதில், நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கனிலிருந்து:

தங்கச்சி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நெப்ராஸ்காவைச் சொல்லவில்லை, அதனால் வந்தேன். 1969-லிருந்து 2001 வரை ஒரு வருஷம்கூட விடாமல் ஒன்பது வெற்றிக்குக் குறையாத அணி எங்களுடையது. டாம் ஆஸ்போர்ன் 1994, 1995, 1997 என்று நாலு வருஷத்தில் மூன்று பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் வந்தவரை 2003-ல், ஒன்பது ஆட்டம் ஜெயித்த சீசனிலேயே, போதாது என்று அனுப்பினார்கள். அந்த ஒன்பதுக்கு அப்புறம் நாங்கள் ஏங்கிப்போனோம். 2017-லிருந்து 2023 வரை ஏழு வருஷம் ஒரு பவுல் ஆட்டம்கூட இல்லை.

ஆனால் 1962-லிருந்து உள்ளூர் ஆட்டம் ஒவ்வொன்றுக்கும் டிக்கெட் விற்றுத் தீர்ந்த கணக்கு மட்டும் அறுபடவில்லை. ஆட்ட நாளில் ஒமாஹா, லிங்கனுக்கு அடுத்தபடி மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் எங்கள் அரங்கம்தான். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் எழுபது வயதுப் பெரியவர். வாடகை ஒப்பந்தம் போடும்போது என் சம்பளச் சீட்டைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. 1971 ஒக்லஹோமா ஆட்டத்தை அரை மணி நேரம் சொன்னார். 35-31. தோற்ற பக்கம் எப்படி அழுதது என்பதுவரை சொன்னார். தம்பி, சிறிய மாநிலத்துக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள்: அணி தோற்றுக்கொண்டிருக்கும் ஊரில்தான் பழைய கதை அதிகம் ஓடும். கேட்டுக்கொண்டு உட்கார்ந்தால் போதும்.

கேட்டவர்:

நன்றி அக்கா, நன்றி அண்ணா. ஆனால் லஞ்சில் கெட்ட பெயரை எப்படிச் சரி பண்ணுவது? மேனேஜர் என்னை இப்போது "மிச்சிகன்" என்றே கூப்பிடுகிறார். அப்பாவும் அம்மாவும் நவம்பர் கடைசி சனிக்கிழமை மதியம் வந்து இறங்குகிறார்கள், டிக்கெட் போட்டாகிவிட்டது.

பதில்:

பட்டப்பெயர் வைத்துவிட்டார் என்றால் சேர்த்துக்கொண்டார் என்று அர்த்தம், கவலைப்படாதீர்கள். 2003 ஜனவரியில் மயாமியோடு நடந்த இறுதி ஆட்டத்தில், ஓவர்டைமில் மயாமி தவறு செய்தது என்று நடுவர் கொஞ்சம் தாமதமாகக் கொடி போட்டார். அதனால்தான் ஒஹையோ ஸ்டேட் பிழைத்தது, இரண்டாவது ஓவர்டைமில் 31-24 என்று ஜெயித்தது. "அந்தக் கொடி சரிதானே?" என்று மட்டும் கேளுங்கள். நீங்கள் அதற்கு மேல் பேச வேண்டியிருக்காது, அடுத்த மீட்டிங்குக்கு லேட்டாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பா அம்மாவை அழைத்துவர, மிச்சிகன் ஆட்டம் இங்கேயா, அவர்கள் ஊரான ஆன் ஆர்பரிலா என்று முதலில் பாருங்கள். இங்கே என்றால் அரங்கத்தை ஒட்டிப் போகும் 315 நெடுஞ்சாலைப் பக்கமே போகாதீர்கள், கிழக்கே சுற்றிப் போங்கள். அப்பாவிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். 2025 ஜனவரியில் நோட்டர் டேமை 34-23 என்று வென்ற அன்று, போனில் "ஒஹையோ ஸ்டேட் நம்பர் ஒன்" என்று கத்தினேன். திருநெல்வேலியில் என் மாமனார் அதைப் படிப்பில் என்று நினைத்துக்கொண்டு தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். இரண்டு பேர் இன்னும் பிள்ளைகளுக்கு அட்மிஷன் கேட்டு எனக்கு மெசேஜ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.