சிஎன்ஜியில் மட்டும் மிஸ்ஸிங், பெட்ரோலில் சரி: 4 காயிலும் மாத்தணுமா?

காட்பாடி வண்டி:
2019 மாடல் கார், 4 சிலிண்டர், 1.2 லிட்டர், கம்பெனி ஃபிட்டிங் சிஎன்ஜி. 68,000 கிமீ ஓடியிருக்கு. பிளக் 40,000-ல மாத்தினது. ஒரு வாரமா சிஎன்ஜியில போனா மிஸ் அடிக்குது (சிலிண்டர்ல எரிபொருள் சரியா பத்தாம விட்டுப்போகுது). காட்பாடி மேம்பாலம் ஏறும்போது 3-வது கியர், 1,500 ஆர்பிஎம்ல மிதிச்சா வண்டியே குலுங்குது. பள்ளிகொண்டா டோல் பக்கம் 80-ல சீரா போனா ஒண்ணும் தெரியல. பெட்ரோலுக்கு மாத்தினா கிட்டத்தட்ட சரி. நேத்து ஏத்தத்துல செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு எரிஞ்சது, இப்ப நிரந்தரமா எரியுது. ஸ்கேனர்ல பி0302. ஒர்க்‌ஷாப்புல 4 காயில் (பிளக்குக்கு ஸ்பார்க் வோல்டேஜ் குடுக்கிறது), 4 பிளக், இன்ஜெக்டர் கிளீனிங்னு மொத்தமா எழுதிக் குடுத்துட்டாங்க, எதையும் கழட்டிக்கூடப் பாக்கல. இன்னா பண்ணலாம்?

ராணிப்பேட்டை ஸ்பேனர்:
லைட் விட்டு விட்டு எரிஞ்சா அப்பவே காலை எடுத்துடுங்க தம்பி. எரியாத எரிபொருள் சைலன்சர் வழியில இருக்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரியும், உள்ள இருக்கிற தேன்கூடு உருகிடும். அதோட விலைக்கு முன்னாடி காயில் விலையெல்லாம் ஒண்ணுமே இல்ல.

பி0302-ங்கிற பழுது கோடுன்னா 2-வது சிலிண்டர்ல மிஸ். பெரும்பாலான வண்டியில டைமிங் செயின் பக்கம் இருக்கிறதுதான் 1, அங்கேருந்து எண்ணுங்க. ஸ்கேனர்ல அந்தப் பழுது கோடை அழிக்கிறதுக்கு முன்னாடி ஃப்ரீஸ் ஃபிரேமை (பழுது வந்த நேரத்து அளவுகளோட பதிவு) திறந்து ஆர்பிஎம், லோடு, கூலன்ட் சூடு மூணையும் போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. அழிச்சா அதுவும் போயிடும்.

அப்புறம் காசு செலவில்லாத சோதனை. எஞ்சின் ஆறினதும் 2-வது காயிலைக் கழட்டி 3-ல போடுங்க, 3-ல இருந்ததை 2-ல போடுங்க. வேற எதையும் தொடாதீங்க. பழுது கோடை அழிச்சுட்டு அதே மேம்பாலம், அதே கியர். பி0303 வந்தா காயில்தான். பி0302-வே வந்தா பிளக்கை அதே மாதிரி இடம் மாத்துங்க. அப்பவும் நகரலைன்னா இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரஷன். ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் மாத்தணும், ரெண்டையும் சேத்து மாத்தினா எது குத்தவாளின்னு தெரியாது.

மல்டிமீட்டர் வெச்சு காயிலைப் பாக்கலாம்னு யாராவது சொல்லுவாங்க. 3 பின், 4 பின் காயில்ல உள்ளயே இக்னைட்டர் (காயிலை இயக்குற மின்சுற்று) இருக்கு, ஓம் கணக்கு அதுக்குச் செல்லாது. எஞ்சின் ஓடும்போது காயில் சாக்கெட்டைப் புடுங்கிப் பாக்கிற வேலையும் வேணாம்.

ஆம்பூர் கேஸ்கட்:
நீங்க எழுதினதுலயே பாதி பதில் இருக்கு. சிஎன்ஜி கலவையைப் பத்த வைக்க பெட்ரோலை விட அதிக வோல்டேஜ் வேணும். கம்மி ஆர்பிஎம்ல முழுசா மிதிக்கும்போது சிலிண்டர்ல அழுத்தம் ஏறும், அப்ப இன்னும் அதிகம் வேணும். உங்க வண்டி சரியா அங்கதான் விழுது. ஸ்பார்க் பக்கம் ஏதோ பலவீனம், பெட்ரோல் அதை மறைச்சு ஓட்டுது. கேஸ் ஃபில்டர் அடைச்சிருந்தாலோ பிரஷர் கம்மியானாலோ பொதுவா 4 சிலிண்டரும் தடுமாறும், எந்தச் சிலிண்டர்னு சொல்லாத பி0300 வரும். ஒரே சிலிண்டர்ல நிக்காது. பெட்ரோல் இன்ஜெக்டரை கிளீன் பண்ணி கேஸ் மிஸ்ஸிங் எப்படிப் போகும்னு அவங்களையே கேளுங்க.

காயில் கழட்டும்போது பிளக் குழிக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. சமீபத்துல எஞ்சினுக்கு வாட்டர் வாஷ் விட்டிருந்தா தண்ணி நிக்கும். இல்லைன்னா எண்ணெய்.

காட்பாடி வண்டி:
வாட்டர் வாஷ் விடல. குழில எண்ணெய் இருக்கு! 2-ல ஒரு விரல் உயரம், மத்த மூணும் காய்ஞ்சு கிடக்கு. காயில் இடம் மாத்தி ஓட்டினேன். பி0302 வந்துச்சு, ஆனா கூடவே பி0303-யும். ரெண்டும் எப்படி? பிளக் பீங்கான்ல இரும்பு ஓரமா சுத்தி பழுப்பு வளையம் இருக்கு, மேலேருந்து கீழ ஒரு கருப்புக் கோடும் இருக்கு.

ஆம்பூர் கேஸ்கட்:
பழுப்பு வளையத்தை விட்டுடுங்க, நல்ல பிளக்குலயும் அது வரும். நிறைய பேர் அதைப் பாத்து எஞ்சின் உள்ளேருந்து கேஸ் லீக்னு பயப்படுவாங்க. கருப்புக் கோடுதான் நோய். காயிலை பிளக்கோட சேக்கிற ரப்பர் உறையை (பூட்) எண்ணெய் ஊற வெச்சு இளக்கிடும். வோல்டேஜ் பிளக் முனைக்குப் போகாம பீங்கான் மேலயே வழுக்கி இரும்புக்கு இறங்கும். அது போன தடம் கரியாகும், கரி மின்சாரத்தைக் கடத்தும், அடுத்த தடவை இன்னும் சுலபமா இறங்கும். பூட்டைத் திருப்பி உள்பக்கம் பாருங்க, அதே நேர்ல முடி கனத்துல ஒரு கோடு இருக்கும். அதான் காயில் 3-க்குப் போனதும் அங்க ஒரு மிஸ், கோடு விழுந்த பிளக் 2-லயே இருந்ததால இங்க ஒரு மிஸ். பூட்டையும் பிளக்கையும் சேத்து மாத்தணும். ஒண்ணை மட்டும் மாத்தினா பழசு புதுசைக் கெடுக்கும். பூட் தனியா கிடைக்கலைன்னா அந்த ஒரு காயில் மட்டும் வாங்குங்க. பிளக் 4-ம் புதுசா போடுறது நல்லது, காயில் 4 வேணாம்.

எண்ணெய் வர்ற இடம் டேப்பெட் கவர் (எஞ்சின் மேல்மூடி) கேஸ்கட்டோட பிளக் குழி சீல். செட்டா வாங்குங்க. பிளக் கழட்டுறதுக்கு முன்னாடி நீள ஸ்க்ரூடிரைவர்ல துணி சுத்தி எண்ணெயை ஒத்தி எடுங்க, இல்லைன்னா அத்தனையும் சிலிண்டருக்குள்ள இறங்கும். கவர் போல்ட்டை நடுவுலேருந்து வெளிப்பக்கமா, ரெண்டு மூணு சுத்துல முறுக்குங்க. டைமிங் கவரும் ஹெட்டும் சேர்ற மூலையில ஒரு பொட்டு சிலிகான். எஞ்சின் உள் காத்தை வெளியேத்துற பிசிவி வால்வையும் பாருங்க. அது அடைச்சா உள் அழுத்தம் ஏறி புது சீலையும் தள்ளிடும்.

குடியாத்தம் டேப்பெட்:
பிளக் திரெட்ல கிரீஸ் தடவிப் போடுங்க சார், அடுத்த தடவை சுலபமா கழலும்.

ராணிப்பேட்டை ஸ்பேனர்:
வேணாம். இப்ப வர்ற பிளக்குக்குப் பூச்சு உண்டு. கிரீஸ் தடவினா அதே முறுக்கு விசையில (டார்க்) அதிகமா இறுகும், அலுமினியம் ஹெட்ல திரெட் போயிடும். கிரீஸ்னா சிலிகான் டைஎலக்ட்ரிக் கிரீஸ், அதுவும் பூட் வாய்க்கு உள்ள மெல்லிசா. 12 மிமீ திரெட்டுக்கு 15-லேருந்து 20 நியூட்டன் மீட்டர், 14 மிமீ-க்கு 25 சுமார். பிளக் முனை இடைவெளி (கேப்) உங்க மேனுவல்ல சிஎன்ஜிக்குச் சொன்ன அளவு. பெட்ரோல் மாடல் பிளக்கைக் கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான்"னு நீட்டினா நம்பர் பாத்து வாங்குங்க.

குடியாத்தம் டேப்பெட்:
சரி, கிரீஸை விட்டுடுவோம். ஆனா கவர் எப்படியும் திறக்கப் போறீங்க, அப்பவே டேப்பெட் கிளியரன்ஸ் (வால்வுக்கு விடுற இடைவெளி) அளந்துடுங்க, எஞ்சின் முழுசா ஆறின பிறகு. சிஎன்ஜியில அதிகம் ஓடின வண்டியில எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்குள்ள இறங்கும், அந்த இடைவெளி குறையும், சூட்டுல வால்வு முழுசா மூடாது. அந்த மிஸ் ஐடிலிங்ல அடிக்கும், மிதிச்சா மறையும். உங்களுக்கு இப்ப தலைகீழா இருக்கு, அதனால அவசரம் இல்ல. கவரைத் திரும்பத் திறக்கிற செலவு மிச்சம், அவ்வளவுதான்.

காட்பாடி வண்டி:
சீல் செட், பிளக் 4, காயில் 1 சொல்லிட்டேன். அந்த இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் வாங்கணும். வர்ற வரைக்கும் பெட்ரோல்ல, மிதிக்காம ஓட்டுறேன்.