அப்பாவின் நடுகல் வரைபடத்தை மீட்க உதவி வேண்டும்

எல்லாருக்கும் வணக்கம், குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். போன வருஷம் தவறிய எங்கப்பா தமிழாசிரியர். ஆம்பூரிலிருந்து செங்கம் வரை, பழைய வட ஆற்காடு முழுக்க வண்டியில் சுற்றி நடுகற்களைப் பதிவு செய்தவர். எடுத்தனூர் நடுகல்லில் வரும், கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்ற நாயைப் பற்றிச் சொன்னாலே அவர் குரல் தழுதழுக்கும்.

எல்லாவற்றையும் 2005 வாக்கில் கணினியில் ஏற்றினார். டாப் என்ற பழைய தமிழ் எழுத்துரு முறையில் இருந்த குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றிவிட்டேன். சிக்கல், கற்கள் நின்ற இடங்களைக் காட்டும் வரைபடத்தில்தான். அது ஃபிளாஷ் என்ற பழைய மென்பொருளில் செய்தது. 2020 கடைசியோடு ஃபிளாஷே நின்றுபோனது. பழைய ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டும் ரஃபிள் என்ற மென்பொருளில் போட்டால் படம் தெரிகிறது, புள்ளியைத் தொட்டால் விவரம் திறக்கவில்லை.

கல்வெட்டு வாசகம் புத்தகத்தில் கிடைத்துவிடும். ஆனால் எந்தக் கல் எந்த வரப்பில், எந்தப் புளியமரத்தடியில் நின்றது என்பது இதில் மட்டும்தான் இருக்கிறது. சாலை அகலமாக்கியதில் சில கற்கள் இடம் மாறிவிட்டன.

மூலக்கோப்பு இல்லை, ஃபிளாஷில் கடைசியாக வெளியிட்ட எஸ்.டபிள்யூ.எஃப் கோப்பு மட்டும் உண்டு. உள்ளிருக்கும் தரவை எடுக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புகைப்படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போடுகிறது. பயந்து கழற்றி வைத்திருக்கிறேன். வேலூர், காட்பாடி பக்கம் நம்பிக் கொடுக்கிற மாதிரி யாராவது இருக்கிறார்களா? வெளியூர் என்றாலும் நானே கொண்டு வருகிறேன்.