கருப்பு டி-ஷர்ட்டில் மஞ்சள் பச்சையாகத் தெரிகிறது, என்ன செய்யலாம்?

தாராவி பிரிண்ட்:
எல்லாருக்கும் வணக்கம். மும்பை தாராவியில 90 அடி ரோடு பக்கம், கையால ஸ்கிரீன் பிரிண்டிங் அடிக்கிற சின்ன யூனிட். கணபதி மண்டல் (விநாயகர் விழாக் குழு) ஆர்டர் வந்திருக்கு. கருப்பு டி-ஷர்ட்டுல மஞ்சளும் சிவப்பும். பிளாஸ்டிசால் இங்க் (சூடு காட்டினாத்தான் கெட்டியாகற பிளாஸ்டிக் இங்க்), எல்லாத்துக்கும் 90டி மெஷ், அதாவது சென்டிமீட்டருக்கு 90 நூல் இருக்கற ஸ்கிரீன் வலை. வெள்ளைத் துணியில மஞ்சள் பளிச்சுன்னு இருக்கு. கருப்புல பாசி படிஞ்ச மாதிரி பச்சையடிக்குது, சிவப்பு மெரூனா இறங்குது. திரும்பத் திரும்ப இழுத்தா இங்க் தடிக்குதே ஒழிய நிறம் ஏறல. இங்க் கம்பெனியை மாத்தணுமா?

திருப்பூர்க்காரன்:
மாத்தாதீங்க அண்ணாச்சி, காசுதான் போகும். மஞ்சள் இங்க் வழியா அடியில இருக்கற கருப்பு தெரியுது, அதான் பச்சை. முதல்ல வெள்ளை அண்டர்பேஸ், அதாவது கலருக்கு அடியில ஒரு வெள்ளைப் பூச்சு, போடுங்க. அதுக்கு 43டி மெஷ், இன்ச் கணக்குல 110. ரெண்டு இழுப்பு, பிளாஷ் (மேலாக மட்டும் காயற அளவுக்குக் கொஞ்ச நேரம் சூடு), அதுக்கு மேல உங்க 90டி ஸ்கிரீன்லயே கலரை ஒரே இழுப்பு. வெள்ளை டிசைனைக் கலரைவிட மயிரிழை அளவு உள்ள தள்ளி எடுங்க, இல்லேன்னா ஓரத்துல வெள்ளை எட்டிப் பார்க்கும்.

இன்னொண்ணு, ஸ்குவீஜியை (இங்கை இழுக்கற ரப்பர் பட்டை) அமுக்கி இழுக்காதீங்க. இங்க் துணி மேல உக்காரணும். அமுக்கினா நூலுக்குள்ள இறங்கிடும், அப்புறம் எத்தனை தடவை இழுத்தாலும் கருப்புதான் தெரியும். ஸ்கிரீனுக்கும் துணிக்கும் நடுவுல 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

தாராவி பிரிண்ட்:
போட்டுப் பார்த்தேன் தம்பி, மஞ்சள் அருமையா வந்துடுச்சு! ஆனா சிவப்பு ஸ்கிரீனைத் தூக்கும்போது வெள்ளை அதோட அடியில ஒட்டிக்கிட்டு வருது. பிளாஷை இன்னும் கூட்டவா?

பெங்களூர் அக்கா:
கூட்டறதுக்கு முன்னாடி வெள்ளையைத் தொட்டுப் பாருங்க. விரல்ல இங்க் வந்தா பிளாஷ் பத்தலை, கொஞ்சம் கூட்டுங்க. விரல்ல வராம பிசுபிசுன்னு மட்டும் இருந்தா சூடு ஆறலைன்னு அர்த்தம், சில விநாடி விட்டு அடிங்க. பிளாஷுக்கு 105லேர்ந்து 120 டிகிரி போதும். முழுசா வெந்துட்டா மேல அடிக்கிற கலர் பிடிக்காது, துவைச்சா உரிஞ்சு வந்துடும். கடைசியா இங்கை முழுசா வேக வைக்கற கியூரிங்தான் 160. மழைக் காலத்துல காட்டன் ஈரத்தை இழுத்து வச்சிருக்கும், அந்த ஈரம் போக நேரமாகும், அதனால அடிக்கறதுக்கு முன்னாடி துணியை லேசா சூடு காட்டுங்க. கியூர் ஆன பீஸை இழுத்துப் பாருங்க, இங்க் வெடிச்சா உள்ள வேகலை.

ஆமா, எல்லாமே காட்டன்தானா?

தாராவி பிரிண்ட்:
பாதி காட்டன். மீதி பசங்க கேட்ட டிரைஃபிட் (பாலியஸ்டர் டி-ஷர்ட்), சிவப்பு நிறம், அதுல வெள்ளை எழுத்து மட்டும்.

பெங்களூர் அக்கா:
அப்போ அதுக்கு இந்த இங்கையே எடுக்காதீங்க! பாலியஸ்டர் சாயம் சூட்டுல கிளம்பி வெள்ளைக்குள்ள ஏறிடும். அடிக்கும்போது வெள்ளையாத்தான் இருக்கும், சில நாள் கழிச்சு ரோஸ் ஆயிடும். சாயம் ஏறாம தடுக்கற லோ பிளீட் வெள்ளைன்னு கேட்டு வாங்குங்க, அதுலயும் குறைஞ்ச சூட்டுல கியூர் ஆகறது. டப்பாவுல போட்டிருக்கற டிகிரியைத் தாண்ட வேண்டாம். அடியில பாலியஸ்டருக்குன்னு வர்ற சாம்பல் நிற பிளாக்கர் (சாயத்தை மறிக்கற அடிப்பூச்சு இங்க்) ஒரு கோட் குடுத்தா இன்னும் நல்லது. ரெண்டு பீஸ் அடிச்சு ஒரு வாரம் வச்சுப் பார்த்துட்டு மொத்தத்தையும் அடிங்க.